உடம்பு நோகாமல் சைக்கிள்: முதல் திருகிலிருந்து முதல் முப்பது கிலோமீட்டர் வரை

பள்ளிக்கூட நாட்களோடு சைக்கிளை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் திரும்ப ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேகம், பந்தயம், கலோரிக் கணக்கு எதுவும் இதில் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் மறுநாளும் ஓட்டத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான் இலக்கு.

நான் இருப்பது திருச்சி. அக்கம்பக்கத்தில் சிலரைச் சைக்கிளுக்கு இழுத்து வந்திருக்கிறேன். அவர்களில் பாதியை மூன்றாவது வாரத்தில் பறிகொடுத்தும் இருக்கிறேன். முட்டி வலி, கை மரத்துப்போவது, உட்கார முடியாத வலி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எல்லார் வீட்டிலும் ஒரே தப்பு: பொருள் வாங்குவதில் தொடங்கி, சைக்கிளை உடம்புக்கு ஏற்ப அமைக்கும் வேலையைக் கடைசியில் வைத்திருந்தார்கள். சிலர் அதைச் செய்யவே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதை நம்பி நிற்கிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், பென்சில், ஒரு அட்டைப்பெட்டித் துண்டு, சைக்கிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது அலன் கீ, அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த கால் பம்ப். இவற்றில் பணம் போட்டு வாங்கத் தகுந்தது பம்ப் ஒன்றுதான். ஏன் என்று 7-ஆம் படியில் தெரியும்.

பரணிலிருந்து இறக்கிய பழைய சைக்கிளாக இருந்தால் முதலில் கடைக்குக் கொண்டுபோய் நான்கு வேலை செய்யச் சொல்லுங்கள்: சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை மாற்றுவது, செயினுக்கு எண்ணெய், பெடல் அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஓரம் வெடித்த டயருக்குச் சரியான காற்று வைக்க முடியாது.

2. புதிதாக வாங்குவதானால்

சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) மேல்கம்பிக்கு இருபுறமும் கால் வைத்து, தரையில் நன்றாக ஊன்றி நில்லுங்கள். கம்பிக்கும் கவட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். கம்பி இடித்தால் அந்த அளவு வேண்டாம். சீட்டை ஏற்றி இறக்கலாம், சட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது.

குறைந்த விலைச் சைக்கிளில் முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் இருந்தால் அதற்கு மயங்காதீர்கள். எடை கூடும், மிதிக்கிற சக்தியில் கொஞ்சம் அதன் ஆட்டத்திலேயே போய்விடும். நம் ஊர்ச் சாலைக்கு 35 முதல் 45 மி.மீ. அகல டயரும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் போதும். மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புடவை அல்லது துப்பட்டாவோடு ஓட்டுபவர்கள் மேல்கம்பி தாழ்ந்த சட்டம், செயின் கவர், பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

3. சீட் உயரம்

இந்த ஒரு படிக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

புதியவர்கள் அத்தனை பேரும் சீட்டை இறக்கித்தான் வைத்திருப்பார்கள். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பட்டால்தான் தைரியம் வருகிறது. அந்த உயரத்தில் ஓட்டும்போது முட்டி எந்நேரமும் மடங்கியே இருக்கும், முழு அழுத்தமும் முட்டிச் சில்லில் இறங்கும். "எனக்கு முட்டி சரியில்லை, சைக்கிள் ஒத்துவராது" என்று சொன்னவர்களில் பலருக்குச் சீட்டை ஐந்து செ.மீ. ஏற்றியதோடு பிரச்சினை முடிந்திருக்கிறது.

செய்முறை இது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாக ஓட்டும் செருப்போ ஷூவோ போட்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. ஓட்டும்போது பெடலில் இருப்பது முன்பாதம் என்பதால் முட்டியில் லேசான மடக்கு தானாக வந்துவிடும்.

கணக்காகவும் பார்க்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கவட்டையிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுழலும், சட்டத்தின் அடியிலுள்ள அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய தூரம் அது. 80 செ.மீ. என்றால் 70.6 வரும். இது பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் பெயரோடு பரவிய கணக்கு. நம்மைப் போல ஆற அமர ஓட்டுகிறவர்கள் அதில் ஒரு செ.மீ. குறைத்துத் தொடங்கலாம்.

யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடதும் வலதும் ஆடினால் சீட் அதிகம் ஏறிவிட்டது, அரை செ.மீ. இறக்குங்கள். சீட் குழாயில் குறைந்தபட்சக் கோடு ஒன்று இருக்கும். அது சட்டத்துக்கு வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் குழாய் முறியலாம்.

4. உயர்ந்த சீட்டில் ஏறவும் இறங்கவும்

சரியான உயரத்தில் வைத்தால் உட்கார்ந்தபடி பாதம் தரையில் முழுசாகப் படாது. பயந்துபோய்த் திரும்ப இறக்குவது இந்த இடத்தில்தான். வழி என்னவென்றால், நிற்கும்போது சீட்டில் இருக்கவே கூடாது.

பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும், கீழே இருக்கும் பெடலில் எழுந்து நின்று, சீட்டை விட்டு முன்னால் வந்து, மற்றக் காலைத் தரையில் ஊன்றுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலை முன்பக்கம் மேலே தூக்கி வைத்து, அதன்மேல் எழுந்து நின்று அழுத்துங்கள். சைக்கிள் நகரும், அந்த வேகத்திலேயே பின்னால் உட்கார்ந்துவிடலாம். குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறைக்கு இது பெரிய வித்தை இல்லை. காலி மைதானத்தில் இருபது தடவை செய்தால் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

5. சீட் எங்கே, எப்படி, எவ்வளவு அகலம்

சீட்டைத் தரைக்குச் சமமாக வையுங்கள். முனை மேலே தூக்கியிருந்தால் மென்மையான இடத்தில் அழுத்தி மரத்துப்போகும். கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தடுத்துத் தடுத்துக் கை நோகும்.

அடுத்தது முன்பின். பெடல்களைத் தரைக்குச் சமமாக நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் காலின் முட்டியிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சின் மேலேயோ சற்றுப் பின்னாலோ விழ வேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளினால் காலுக்கு எட்ட வேண்டிய தூரமும் கூடிவிடும். ஆகவே இதை முடித்துவிட்டு உயரத்தை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

இனி அகலம். கெட்டியான ஸ்டூலில் அட்டைப்பெட்டித் துண்டை வைத்து, அதன்மேல் முட்டி சற்று உயர்ந்திருக்கும்படி ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். இடுப்பெலும்பு பதிந்த இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ.க்குள் இருக்கும். நிமிர்ந்து ஓட்டுகிறவர் அதோடு 3 அல்லது 4 செ.மீ. கூட்டினால் தமக்கு வேண்டிய சீட்டின் அகலம் கிடைக்கும்.

ஜெல் கவர் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது. நானும் வாங்கினேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம்தான். அப்புறம் எலும்பு ஜெல்லுக்குள் அமிழ்ந்து, நடுவில் பிதுங்கும் ஜெல் அழுத்தக் கூடாத இடத்தை அழுத்துகிறது. உடல் எடை எலும்பில் நிற்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கெட்டியான சீட்தான் உதவும். முதல் இரண்டு வாரம் அந்த எலும்பு வலிப்பது சகஜம், பழகிவிடும். மரத்துப்போவது சகஜமில்லை. அது வந்தால் சாய்வையும் அகலத்தையும் திரும்பப் பாருங்கள்.

உள்ளாடைத் தையல் தொடையில் உரசி அறுப்பதும் சீட்டின் தலையில் விழும் பழிகளில் ஒன்று. தையல் இல்லாதது அணியலாம். பஞ்சு வைத்த சைக்கிள் டவுசர் என்றால் அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, போட்டால் பஞ்சு வைத்ததே வீண்.

6. ஹேண்டில்பார்

சீட் முடியாமல் இதைத் தொடாதீர்கள், ஏனென்றால் இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் முக்கியம். கைப்பிடி சீட்டின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். விறைத்த கையோடு ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு குழியும் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும்.

ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு பழைய வகையானால் அதன் மேலே உள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் தட்டினால் பிடி விட்டு உயர்த்த வரும். இதிலும் குறைந்தபட்சக் கோடு உண்டு. புதுவகைச் சைக்கிளில் வளையங்களை இடம் மாற்றியோ தண்டைத் தலைகீழாகப் போட்டோதான் உயர்த்த முடியும், அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். முடித்ததும் முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள், சுழலக்கூடாது.

7. காற்று

செலவில்லாத சொகுசு இது. ஆனாலும் கடையில் "நல்லா டைட்டா அடிங்க அண்ணே" என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். கல் மாதிரி இருக்கும் டயர் வேகமாக ஓடுவதுபோலத் தோன்றும். மேடு பள்ளமான சாலையில் அது சைக்கிளைத் துள்ளவைக்கிறது, அந்தத் துள்ளலில் முன்னே போக வேண்டிய சக்தி மேலே போகிறது, இடுப்பும் சேர்ந்து அடி வாங்குகிறது.

டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அதிகபட்ச எல்லை, வைக்க வேண்டிய அளவென்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு நான் தொடங்கச் சொல்லும் அளவு: 38 மி.மீ. டயரில் முன்னால் 40 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர் காட்டும் அழுத்த அளவு), பின்னால் 50. இரண்டு அங்குல அகல டயரில் முன்னால் 30, பின்னால் 35. எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் விழுவதால்தான் இந்த வித்தியாசம். 90 கிலோ இருப்பவர் ஐந்தாறு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். போனால் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது. அதற்குக் கண்ணளவுதான். ஏறி உட்கார்ந்தால் பின்டயர் தரையில் லேசாகப் பிதுங்க வேண்டும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது ரிம் இடிக்கக்கூடாது.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் டியூபிலிருந்து காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு நாள் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பம்ப் வீட்டில் இருந்தால்தான் அது நடக்கும்.

8. மிதிக்கும் விதம்

கனமான கியரைப் போட்டு ஓங்கி ஓங்கி மிதிப்பதுதான் உழைப்பு என்று நினைக்கிறார்கள். முட்டிக்கு அது ஆகாது. நிமிடத்துக்கு 60 முதல் 75 சுற்று வரும்படி லேசாக மிதியுங்கள். வலது முட்டி மேலே வருவதைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும். மேம்பாலம் வந்தால் ஏறத் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் முறுகும், சில நேரம் கழன்றும்விடும்.

கியர் இல்லாத சைக்கிளுக்கும் வழி உண்டு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும் 28 அங்குலச் சைக்கிள் ஒரு மிதிச் சுற்றில் ஏறக்குறைய 5.5 மீட்டர் போகும். 60 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 20 கி.மீ. வேகம், எதிர்காற்றில் இது நமக்குக் கனம். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் அதே மிதிக்கு 16 கி.மீ. வரும், கால் லேசாகும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். ஊரில் கிடைக்கும் மிக மலிவான சொகுசு இதுதான் என்பது என் கருத்து.

வேகத்தைப் பொறுத்தவரை, பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். 15 கி.மீ. வேகத்திலிருந்து 25-க்குப் போனால் காற்றைக் கிழிக்க ஆகும் சக்தி நாலரை மடங்கு கூடுகிறது. உடம்பு ஏன் அடித்துப்போட்டதுபோல் ஆகிறது என்று இப்போது தெரிகிறதா?

9. முதல் நான்கு வாரம்

முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 5 கி.மீ. இரண்டாவது வாரம் 8. மூன்றாவது வாரம் 10, அதில் ஒரு நாள் மட்டும் 15. நான்காவது வாரம் ஒரு நாள் 20. நடுவில் ஓய்வு நாள் கட்டாயம். மூச்சு பத்து நாளில் பழகிவிடும், தசைநாருக்கும் இடுப்புக்கும் அதைவிட நாளாகும். மூச்சை மட்டும் நம்பி இரண்டாவது வாரமே 25 கி.மீ. போனவர்களைத்தான் மூன்றாவது வாரம் காணோம். இதய நோய், சர்க்கரை இருப்பவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் திருகாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் எது உதவியது என்று தெரியும்.

10. முதல் நீண்ட ஓட்டம்: எந்தத் திசை?

திருச்சிக்காரர்களுக்குக் கைவசம் இரண்டு வழி. கிழக்கே திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழைத்தோட்டம் பார்த்துக்கொண்டே போகலாம். போக வர முப்பது கி.மீ.க்குப் பக்கம். மேற்கே கரூர் சாலையில் முக்கொம்பு, இது கொஞ்சம் கூடுதல் தூரம், பேருந்துத் தொல்லையும் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது சைக்கிள்காரன் எம்மாத்திரம்? அந்த மாதங்களில் கல்லணைக்குப் போனால் பறந்து போவீர்கள். கரிகாலன் சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, நான்தான் இவ்வளவு வேகமாக வந்தேன் என்று நினைப்பீர்கள். திரும்பும்போது தெரியும் சேதி. வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும், கால் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும். அப்போது முக்கொம்புக்குப் போங்கள், எதிர்காற்றைத் தெம்பாக இருக்கும்போது முடித்துவிட்டு, திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டுவர வரலாம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கல்லணை. எந்த ஊரானாலும் இதே விதிதான்: போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று.

விடிந்ததும் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புங்கள். இருட்டில் கிளம்புவதானால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். ஹெல்மெட்டைத் தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எப்போதும் போடுங்கள். கிளம்பும்போது ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். வந்ததும் உப்புப் போட்ட மோர்.

வழியில் கவனிக்க மூன்று உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். வெள்ளைக் கோடில்லாத வேகத்தடையில் பெடல்களைச் சமமாக வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழும்புங்கள். நாய் துரத்தினால் பதறி மிதிக்காமல் நின்று இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

11. பையில்

ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பி இரண்டு, கைப்பம்ப், ஸ்பேனர். சாலையோரத்தில் ஒட்டுப் போடுவதைவிட டியூபை மாற்றுவது எளிது, பஞ்சரை வீட்டில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். புது டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். பெரும்பாலும் கருவேல முள் இன்னும் அங்கேயே இருக்கும், விட்டால் புது டியூபையும் குத்தும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், முதுகு வேர்க்காது, எடையும் இடுப்பில் இறங்காது.

12. எங்கே வலித்தால் எதைத் திருகுவது

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். முட்டியின் பின்பக்கம் என்றால் சீட் அதிகம் ஏறியிருக்கிறது. உள்ளங்கை மரத்தால் முதலில் சீட் முனை கீழே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம்தான் ஹேண்டில்பார். கழுத்தும் தோளும் பிடித்தால் கைப்பிடி தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது. அரை அரை செ.மீ.யாக மாற்றுங்கள். இரண்டு வாரம் ஆகியும் குறையாத வலியைத் திருகில் தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த அன்று சீட் குழாயில் அந்த உயரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது கடைக்குப் போக எடுத்து, சீட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.